பத்திரிகை வைத்த பட்டியல்

திண்டிவனத்தில் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். மகள் கல்யாணத்துக்கு நாங்கள் பத்திரிகை வைத்த இருநூறு பேரின் பட்டியல், போன் நம்பர்களோடு அலமாரியில் கிடந்தது. அந்த இருநூறு பேரையும், ஒருவரையும் கேட்காமல், புதிதாக ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தேன். வீடு தேடிப் போய் அழைத்த சொந்தங்கள்தானே, தொல்லையாகவா நினைப்பார்கள் என்ற எண்ணம். தினமும் பத்து டிசைன் அனுப்பினேன். வெளியேறியவர்களைத் திரும்பவும் சேர்த்தேன்.

ஒரு நாள் காலையில் பார்த்தால், யார் யாரோ புகார் செய்ததில் என் வாட்ஸ்அப் கணக்கு முடக்கப்பட்டிருந்தது. விழுப்புரத்து மணப்பெண் ஒருத்தியின் அளவுகளை அதில்தான் குறித்து வைத்திருந்தேன். முகூர்த்தத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது. பஸ் பிடித்துப் போய் மறுபடி அளவெடுத்தேன். அவள் அம்மா தெருவே கேட்கும்படி திட்டினார்.

விழுப்புரத்திலேயே இருக்கும் என் தங்கையிடம் சொல்லி அழுதேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நானுந்தான் ரிப்போர்ட் அடிச்சேன்க்கா. தெனமும் அனுப்பிக்கினே இருந்த. ஒரே பேஜாரா போச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"ரெண்டு வாட்டி குரூப்ப விட்டு வெளிய போனேனே. நீதானே மறுபடி சேத்த?"

வாட்ஸ்அப் நிறுவனத்திடம் முறையிட்டதில் நான்காம் நாள் கணக்கு திரும்பக் கிடைத்தது. முதல் வேலையாகக் குழுவைக் கலைத்தேன். பட்டியலில் இருந்த ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, "டிசைன் அனுப்பலாங்களா?" என்று கேட்டேன். இப்போது சரி என்றவர்களுக்கு மட்டும், வாரம் ஒரு முறை அனுப்புகிறேன்.

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த இருநூறு பேரில் சரி என்றவர்கள் பதினோரு பேர். அதில் என் தங்கை இல்லை.