சவரிமுத்து அண்ணை தைத்த கொடிகள்

தை மாதத்து வெள்ளிக்கிழமை காலை, கடை திறந்த கையோடு ரீட்டா அக்காவின் தொலைபேசி அழைப்பு வந்தது. "தங்கச்சி, அவர் விடியக் கண் முழிக்கேல்லை" என்றார். அவருடைய கணவர் சவரிமுத்து அண்ணை போய்விட்டார்.

மன்னாரில் பிறந்த அண்ணை, மொன்றியல் டவுன்டவுனில் பழைய ஜப்பானியப் பொருட்கள் விற்கும் கடையில் துணிகளைச் செப்பனிட்டு வந்தார். நான் அங்கே விற்பனையில் இருக்கிறேன். ஜப்பானில் ஆண்பிள்ளை பிறந்த வீடுகளில் மே மாதம் மூங்கிலில் உயர்த்திய நீண்ட விழாக்கொடிகளில்தான் அவருக்கு விருப்பம். உச்சியில் குடும்பச் சின்னம். கீழே பேயோட்டும் தாடிக்காரத் தெய்வம், அல்லது அருவியில் எதிர்த்தேறும் கெண்டைமீன். "ஒவ்வொண்டும் ஒரு பிள்ளைக்காகக் கட்டினது. அந்தப் பிள்ளையள் கிழவராகிச் செத்தும் போச்சினம். துணி கிடக்குது" என்பார்.

இலங்கையில் யுத்தநிறுத்தம் வந்து, ஊருக்குப் போகலாமென்று எல்லோரும் மகிழ்ந்திருந்த காலத்தில், அவருடைய ஒரே மகன் அலனுக்கு இரத்தப் புற்றுநோய் என்றார்கள். எட்டு வயது. அண்ணை கடை முதலாளியிடம் மீன் கொடியொன்றை இரவல் கேட்டார். வயதான அந்த ஜப்பானிய அம்மா மறுபேச்சின்றி எடுத்துக் கொடுத்தார். மொன்றியலுக்கு அடுத்த லவாலில் அவர்கள் வீட்டு பல்கனியில் அதைக் கட்ட நானும் போயிருந்தேன்.

"வேதக்காரர் வீட்டிலை உதென்னத்துக்கு?" என்றார் ரீட்டா அக்கா, சுவரிலிருந்த சிலுவையைப் பார்த்து.

"மடு மாதாவுக்கும் நேர்த்தி வைச்சாச்சு. இதையும் கட்டிப் பாப்பம்" என்றார் அண்ணை.

அலன் போர்வைக்குள் இருந்து பார்த்தான். "பப்பா, மீன் எங்கை போகுது?"

"அருவிக்கு மேலை. ஏறினால் ட்ராகனாயிடும்."

"ஏறிடுமோ?"

"ஓம், ராசா."

இலையுதிர் காலத்தில் அலன் இறந்தான். செபம் சொல்ல வந்தவர்கள் ஆண்டவரின் சித்தம் என்றபோது அண்ணை எழுந்து வெளியே போய்விட்டார். பிறகு கொடியை மடித்துக் கடைக்குக் கொண்டுவந்தார். முதலாளி அம்மா அழுதார், அண்ணை அழவில்லை. என்னிடம் மட்டும், "அவன் கேட்டவன், பிள்ளை. நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்" என்றார்.

அதன்பின்னும் வேலைக்கு வந்தார். கொக்கு, பைன் மரம், போர்வீரன் எல்லாம் தைத்தார். மீன் வந்தால் தைக்காமல் என் மேசையில் வைத்துவிடுவார். நெஞ்சு நோகிறது என்று சொல்லியும் வைத்தியரிடம் போகவில்லை. "போய்?" என்பார்.

நிலம் உறைந்திருப்பதால் இப்போது குழி வெட்டமாட்டார்கள். பனி உருகிய பிறகுதான் மகனுக்குப் பக்கத்தில் அடக்கம். பூசை முடிந்து, பெட்டியை அதுவரை வைக்கும் கூடத்துக்குக் கொண்டுபோனபோது ரீட்டா அக்கா, "அதுவரைக்கும் இவர் தனியவோ?" என்று கேட்டார். பாதிரியார் பெட்டியின்மேல் தீர்த்தம் தெளித்தார்.

கதவைச் சாத்தினார்கள். வேலை முடிந்து போகிறவருக்குச் சொல்வதுபோல, "போயிட்டு வாங்கோ அண்ணை" என்று என் வாய் சொல்லிவிட்டது.