ஆற்றுக்குத் தண்ணீர் கொண்டுபோன பக்கிரி

பக்கிரிக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவன் முதுகுக்கு எழுபது இருக்கும். மில் ஓடிய காலத்தில் தறிக்கு முன்னால் நின்று நின்று பாதி முதுகு போனது. மில்லை மூடியதும் தண்ணி லாரியில் உட்கார்ந்து உட்கார்ந்து மீதியும் போனது. நின்றாலும் வலி, உட்கார்ந்தாலும் வலி என்றால் முதுகை எதுக்குத்தான் ஆண்டவன் கொடுத்திருக்கிறான் என்று சாரம் பகுதியில் தன் வீட்டு வாசலில் அவன் அடிக்கடி கேட்பான். "படுக்கறதுக்கு" என்பாள் மனைவி ஆதிலட்சுமி. அதற்குத்தான் நேரம் கிடைப்பதில்லை.

விடிந்ததும் முதல் லோடு நெல்லித்தோப்புக்கு. லாரி நுழையாத சந்து, நுழைகிற சண்டை. குழாயை இழுத்துக்கொண்டு போய்த் தொட்டி தொட்டியாக நிரப்ப வேண்டும். அடுத்தது ரெட்டியார்பாளையத்தில் சொல்தா வீடு. அந்த வீட்டுத் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். வீட்டு அம்மா கேட்டைத் திறந்து "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிவிட்டு, குழாய் ஒழுகி வாசல் நனைந்ததற்குச் சுத்தமான தமிழில் திட்டும். பிறகு கடற்கரைப் பக்கம் ஓர் ஓட்டலின் நீச்சல் குளம். கடல் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள், கடலைப் பார்த்துக்கொண்டே இந்தத் தண்ணீரில் குளிப்பார்கள். தாங்கள் குளிப்பது சங்கராபரணி ஆற்றில் என்று அவர்களுக்குத் தெரியாது. சங்கராபரணிக்கும் தெரியாது.

பெயருக்கு ஒன்றும் பஞ்சமில்லாத ஆறு அது. செஞ்சி மலைப் பக்கம் பிறப்பதால் செஞ்சியாறு. கோயில்காரர்களுக்கு வராக நதி. ஆபீசுக்குச் சங்கராபரணி. வீடூர் அணையில் கொஞ்சம் மூச்சு வாங்கும். வில்லியனூரைத் தாண்டித் திருக்காஞ்சியில் செத்தவர்களின் சாம்பலை வாங்கிக்கொள்ளும். கடல் வாசனை அடித்ததும் அரியாங்குப்பத்தாறு, சுண்ணாம்பாறு என்று இரண்டாகப் பிரிந்துபோய், சுண்ணாம்பாற்றில் படகுச் சவாரி விட்டுச் சம்பாதிக்கும். மேலே பயிர், நடுவே சாம்பல், கீழே படகு. போதாக்குறைக்கு வழி நெடுக மணல் லாரி ஒரு பக்கம், தண்ணி லாரி ஒரு பக்கம். எல்லாருக்கும் உழைத்து முதுகு போன ஆறு. பக்கிரிக்கு அதன்மேல் உள்ளூர ஒரு பாசம். ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்களுக்குள் இருக்குமே, அந்த மாதிரி.

அந்த ஆற்றங்கரையில்தான் அவன் பிறந்த ஊர். அவன் அக்கா அஞ்சலாட்சியும் அதே ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஆற்றோரம் கொல்லை, கொல்லையில் கிணறு, கிணற்றை நம்பிக் கத்தரியும் வெண்டையும். மில்லை மூடி, பக்கிரி வேலையில்லாமல் திரிந்த காலத்தில், தண்ணி லாரி முதலாளி ஒருத்தர் நல்ல தண்ணீர் கிடைக்கிற இடமாகத் தேடிக்கொண்டிருந்தார். அக்கா கொல்லைக்குப் பக்கத்து மேட்டைக் காட்டி, "இங்க போரு போட்டா எளநீர் மாதிரி வரும் சார்" என்று சொன்னவன் பக்கிரி. வந்தது. போருக்குத் தண்ணீர் வந்தது, பக்கிரிக்கு டிரைவர் வேலை வந்தது. அக்கா கிணற்றில் மட்டும் வாளி இறங்க இறங்கக் கயிறு போதாமல் போய், கடைசியில் சேற்றில் போய் உட்கார்ந்தது.

அஞ்சலாட்சி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம்.

தை மாதம் பொங்கல் ஓய்ந்ததும், ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா. சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகள் எல்லாம் வண்டியேறி ஆற்றுக்குக் குளிக்க வரும். கரை முழுக்கக் கரும்பு, பொரி, ராட்டினம், குவியல் குவியலாகச் சுருளிக்கிழங்கு. சாமி முழுகி எழுந்ததும் அந்தக் கிழங்கை வாங்கி அக்காவின் மடியில் போடுவது பக்கிரி வீட்டு வழக்கம். அப்பா அத்தைக்குப் போட்டார், பக்கிரி அக்காவுக்குப் போட்டான். போர் போட்ட வருஷத்திலிருந்து அஞ்சலாட்சி கிழங்கைத் தானே வாங்கிப் பையை நிரப்பிக்கொண்டுதான் எதிரில் வருவாள். இவன் பொட்டலத்தை நீட்டுவான்.

"எங்கிட்ட இருக்குது" என்பாள்.

அவ்வளவுதான். அடுத்த தை வரைக்கும் அதுதான் அக்கா தம்பி பேச்சு. பக்கிரி அந்தக் கிழங்கை வீட்டுக்குக் கொண்டுவருவான். ஆதிலட்சுமி அவித்து வைப்பாள். இரண்டு பேருமாகத் தோலை உரித்துத் தின்பார்கள்.

இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஆறு வெறும் மணல். திருவிழாவுக்கு முன்னால் கலியமூர்த்தி போன் செய்தார். ஊர்க் கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர். போனிலும் மைக்கில் பேசுகிற மாதிரிதான் பேசுவார்.

"டேய் பக்கிரி! ஆறு காஞ்சி கெடக்குதுடா. சாமி மண்ணுலயா முழுவும்?"

"அதுக்கு நான் இன்னா பண்றது மாமா?"

"லாரி வச்சிருக்கியே."

"லாரி என்துல்ல. நான் ஓட்டறவன்."

"சாமி மட்டும் என்துதா? நான் தூக்கறவன். பேசாம ஒரு லோடு கொண்டா."

முதலாளி பக்தியுள்ளவர். "சாமிக்குத்தான, எடுத்துட்டுப் போ. புண்ணியம் எனக்கு. மத்தியானம் ஓட்டலுக்கு லோடு போயிடணும், அது உன் பாடு" என்றார்.

"ஆத்துக்கே தண்ணி கொண்டு போறீங்களா? ஊரு சிரிக்கப் போவுது" என்றாள் ஆதிலட்சுமி.

"சிரிக்கட்டும். அக்கா பாக்கும்ல."

"பாத்தா?"

"சாமிக்கே தண்ணி கொண்டாந்து குடுத்தவன். இந்தத் தடவையாவது மடி புடிக்காதா?"

ஆதிலட்சுமி உள்ளே போய் வெளுத்த சட்டை ஒன்றை எடுத்து வந்து அவன் தோளில் போட்டாள்.

அந்தச் சட்டையோடு, காலை லோடுகளை முடித்துவிட்டுத் தூங்காத கண்களோடு, லாரியைத் தளும்பத் தளும்ப நிரப்பிக்கொண்டு பக்கிரி ஆற்றங்கரைக்கு வந்தான். நட்ட நடு ஆற்றில் ஒரு பள்ளம் வெட்டி, தார்ப்பாய் விரித்து வைத்திருந்தார்கள். கரையிலிருந்து குழாய் போட்டால் பாதி தூரம்தான் வந்தது. கலியமூர்த்தி மணலில் இறங்கி, காலால் ஓங்கி மிதித்துக் காட்டினார்.

"சிமெண்டு மாதிரி கீது பாரு. லாரிய எறக்கு."

அவர் எடை வேறு, தண்ணீர் ரொம்பிய லாரியின் எடை வேறு. வேறு நாளாக இருந்தால் பக்கிரியே அதைச் சொல்லியிருப்பான். ஆனால் கரைமேல் பனைமர நிழலில் அஞ்சலாட்சி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணிப்பை, பை நிறையக் கிழங்கு. சாமி காரியத்துக்குப் போகிற லாரி புதையாது என்று அந்த நிமிஷத்தில் அவனுக்கு ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. இறக்கினான்.

கொஞ்ச தூரம் சாமி கூடவே வந்தது. அப்புறம் இறங்கிக்கொண்டது. பின்சக்கரம் இரண்டும் மணலுக்குள் உட்கார்ந்தன.

திருவிழாக் கூட்டத்தில் டிரைவர் அல்லாத ஆளே இல்லை. "ரிவர்சுல எடு!" "முன்னாடி வுடு!" "ஸ்டியரிங்க ஒடிச்சிப் புடிண்ணே!" கரும்புச் சக்கையைப் போட்டார்கள், பலகையைப் போட்டார்கள், யாரோ ஒரு ஆள் பொரிச் சாக்கைக்கூடப் போட்டான். சக்கரம் சுற்றச் சுற்ற எல்லாவற்றையும் தின்றுவிட்டு இன்னும் ஆழத்துக்குப் போனது. பக்கிரி மண்வெட்டியை வாங்கிக் குனிந்து சக்கரத்தைச் சுற்றி வெட்டினான். வெட்ட வெட்ட மணல் சரிந்தது. முதுகு ஒரு வார்த்தை சொன்னது. அதை இங்கே எழுத முடியாது.

தூரத்தில் மேளம் கேட்டது. சாமிகள் கிளம்பிவிட்டன.

லாரி ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. நின்ற இடத்திலிருந்து குழாய் போட்டாலும் பள்ளத்துக்கு எட்டவில்லை. குடத்தில் தூக்கலாம் என்றால், திருவிழாவுக்கு யார் குடம் கொண்டுவருவார்கள்? பாரத்தை இறக்கினால்தான் லாரி பிழைக்கும். இறக்கினால் சாமிக்குத் தண்ணீர் இல்லை. லாரி கவிழ்ந்தால் வேலை இல்லை. எதைச் செய்தாலும் கரைமேல் இருக்கிறவள் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள்.

"மாமா, தொறந்து வுடறேன்" என்றான்.

"அடப்பாவி, சாமிடா!"

"சாமி தாங்கும் மாமா. லாரி தாங்காது."

வால்வைத் திருகினான். தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. காய்ந்த மணல் மிச்சம் மீதி வைக்காமல் குடித்தது. கூட்டம் முதலில் "ஐயோ" என்றது, பிறகு சிரித்தது. ஆத்துக்குத் தாகமாம், பக்கிரி தண்ணி குடுக்கறான் என்று எவனோ கத்தினான். வெளுத்த சட்டை முழங்கைவரை சேறாகிக் கிடக்க, பக்கிரி லாரியின் படியில் உட்கார்ந்து தண்ணீர் போவதைப் பார்த்தான். கரைப் பக்கம் தலையைத் திருப்பவேயில்லை. இனி எந்தத் தையிலும் அந்த மடி விரியாது என்று தோன்றியது. அதைவிட, அப்படியே அங்கேயே படுத்துவிட்டால் தேவலை என்றும் தோன்றியது.

முதலில் வந்த சாமி பக்கத்து ஊர் அம்மன். டிராக்டரில் பூவும் சீரியல் லைட்டுமாக வந்தவளை இறக்கி மணலில் உட்கார வைத்துவிட்டு, அந்த டிராக்டரில் கயிறு கட்டி லாரியை இழுத்தார்கள். காலி லாரி ஒரு முனகலோடு மேலே ஏறியது. அது இருந்த இடத்தில் ஒரு பெரிய பள்ளம்.

பள்ளத்தில் தண்ணீர் நின்றது.

சுற்றிலும் கொட்டியதெல்லாம் சுவடில்லாமல் போயிருக்க, அந்தப் பள்ளத்தில் மட்டும் முழங்கால் அளவுக்குக் கலங்கலாக நின்றது. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். "ஊத்துத் தண்ணிடா!" என்றார் கலியமூர்த்தி. "ஊத்தாவது? லாரித் தண்ணி, எறங்க நேரமாவுது" என்றான் டிராக்டர்காரன். ஊத்தா, லாரியா என்று அங்கேயே இரண்டு கட்சி ஆகிவிட்டது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அஞ்சலாட்சி வந்தாள். பள்ளத்தின் ஓரத்தில் குந்தினாள். கலங்கல் ஒதுங்கும்வரை விரலால் அலசிவிட்டு, ஒரு கை அள்ளிக் குடித்தாள். வாயிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

"எங்க கெணத்துத் தண்ணி" என்றாள்.

"ஊத்துதான?" என்றார் கலியமூர்த்தி.

"லாரியில வந்தாலும் அதான், ஊத்துல வந்தாலும் அதான். எனக்குத் தெரியாதா? சாமிய எறக்குங்க. வத்திடப் போவுது."

பூசாரி அம்மனின் சூலத்தைத் தூக்கிக்கொண்டு டயர் பள்ளத்தில் இறங்கி மூன்று முழுக்குப் போட்டார். பின்னால் வந்த சாமிகளும் வரிசையில் நின்று அதிலேயே முழுகின. விரித்த தார்ப்பாயின்மேல் ஒரு நாய் படுத்திருந்தது.

பக்கிரி லாரியைக் கரையேற்றிவிட்டு, அதன் நிழலில் கால் நீட்டிக் கிடந்தான். தலைக்கு மேல் குரல் கேட்டது.

"கெழங்கு எங்கடா?"

எழுந்து உட்கார்ந்தான். அக்கா நின்றுகொண்டிருந்தாள். இத்தனை வருஷமாகத் தவறாமல் வாங்கினவன், இந்த அமளியில் இன்றைக்கு வாங்கவில்லை. கடைகளைப் பார்த்தான். கிழங்கு விற்ற இடங்களில் சாக்கை உதறி மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்கலக்கா" என்றான். "லாரி... இதுல... மறந்துட்டேன்."

"நல்ல ஆளுடா நீ. வேணாம்னு சொன்னப்பல்லாம் கொண்டாந்து நீட்டுன. இப்ப வெறுங்கையோட குந்தினுகீற."

தன் பையை அவன் முன்னால் தொப்பென்று வைத்தாள். முந்தானையை இரண்டு கையாலும் பிடித்து விரித்தாள்.

"இதுலேர்ந்து எடுத்துப் போடு."

"இது உன்துக்கா."

"தண்ணி மட்டும் யாருதாம்? என் தண்ணிய எனக்கே கொண்டாந்து ஊத்துனவன்தான நீ? என் கெழங்கையும் எனக்கே போடு. போடுடா, கை வலிக்குது."

பக்கிரி இரண்டு கையாலும் அள்ளிப் போட்டான். கையில் ஒட்டியிருந்த ஆற்றுச் சேறு கிழங்கிலும் அவள் புடவையிலும் ஒட்டியது. "போதும், பாதிய ஆதிலட்சுமிக்கு எடுத்துனு போ" என்றாள். போன் அடித்தது. முதலாளி. ஓட்டல்காரன் கேட்டுவிட்டானாம், லோடு எங்கே என்று.

போருக்குப் போகிற வழியும் அக்கா கொல்லைக்குப் போகிற வழியும் ஒன்றுதான்.

"ஏறுக்கா, வுட்டுட்டுப் போறேன்."

"அந்த லாரியிலயா?" என்றாள் அஞ்சலாட்சி. "நடந்தே போறேன், போ."

மடியைச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள். பக்கிரி முந்திப் போகவில்லை. முதல் கியரிலேயே பின்னால் உருட்டிக்கொண்டு வந்தான். திருவிழா முடிந்து திரும்புகிற வண்டிகள் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போயின. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, நடையையும் எட்டிப் போடவில்லை. கொல்லைப் படல் வந்ததும் நின்றாள்.

"முதுவு ரொம்ப வலிக்குதாடா?"

"ம்."

"மோட்டாரப் போட்டுட்டு இங்க வந்து செத்த நேரம் படு. ரொம்பனதும் எழுப்பறேன்."

பக்கிரி போய் மோட்டாரைப் போட்டான். லாரிக்குள் தண்ணீர் விழ ஆரம்பித்தது. திரும்பி வந்து, வாளி சும்மா தொங்குகிற அந்தக் கிணற்றடிக் கல்லின்மேல் படுத்தான். எழுப்புகிறேன் என்று சொன்னவள், லாரி ரொம்பி வழிந்து, தண்ணீர் மேட்டிலிருந்து இறங்கி அவளுடைய காய்ந்த கத்தரிப் பாத்திக்குள் ஓடிய பிறகும் எழுப்பவில்லை.