அக்காவின் படகில் அளவெடுத்தது

"...வரச் சொன்னது நான், வாரேன்னு சொன்னது அவ. நடுவுல நீ எதுக்குலே இப்படிக் கோடு கோடாக் கிழிச்சு வச்சிருக்க?"

அப்போது என் கையில் ஒரு முழம் மாஸ்கிங் டேப் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பசைப் பக்கம் முழுக்க மஞ்சள் பெயிண்ட். கேட்டவர் எங்கள் தெருவில் சின்னதாக ஒரு விடுதி நடத்தும் அக்கா. உடன்பிறந்தவர் இல்லை, நாயுடுபுரத்தில் பாதிப் பேருக்கு அவர் அக்காதான். என் கொட்டகையில் இரண்டு ஸ்டூலின் மேல் கவிழ்ந்து கிடந்த கயாக், ஒல்லியான துடுப்புப் படகு, அவருடையது. மறுநாள் வெள்ளனே கோயம்புத்தூர் பஸ்ஸில் வந்து இறங்கப்போகிறவள் அவர் மகள்.

மகள் தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அம்மாவும் மகளும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அக்காவுக்கு வாயைத் திறந்து "வா" என்று சொல்ல வராது. "எம் பொண்ணுதான, எனக்கு இருக்கிற வீம்புல பாதியாவது அவளுக்கு இருக்காதா?" என்பார். கடைசியில் அவர் செய்தது இதுதான்: வில்பட்டித் தோட்டத்துக் குளத்தில் மகள் சின்ன வயதில் துடுப்புப் போட்டுத் திரிந்த கயாக்கை வெளியே எடுத்து, சாம்பல் நிறமாய்க் கிடந்ததை மகளுக்குப் பிடித்த மஞ்சளாக்கிப் படம் எடுத்து அனுப்பினார். கீழே ஒரு எழுத்துக்கூட இல்லை. அதற்குப் பதில் வந்தது: "ரெண்டு பேரும் வாரோம்."

அந்தப் படகைத்தான் நான் இரவல் கேட்டேன்.

என் தொழில் விடுதிகளில் கீசர் ரிப்பேர். படகு ஆசை எப்படி வந்தது என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. கற்றுக்கொண்டது எல்லாம் வீடியோ பார்த்து. ஒட்டுப்பலகையில் சொந்தமாக ஒரு கயாக் செய்யப்போகிறேன் என்று சொன்னதும் பக்கத்து மெக்கானிக், "கடல் எந்தப் பக்கம் இருக்குன்னு விசாரிச்சுட்டு ஆரம்பிங்கண்ணே" என்றான். அக்கா ஒருவர்தான் சிரிக்கவில்லை. "அவ வர நாளு கெடக்கு, கொண்டு போ. டேப்பு ஒட்டுறேங்கிற, ஒட்டிக்கோ. ஆனா அன்னன்னைக்குச் சாயங்காலம் உரிச்சிரணும். புதுப் பெயிண்டுலே" என்றார்.

வேலை இப்படி. படகின் அடிப்பக்கம் மேலே பார்க்க ஆடாமல் நிறுத்தி, முனைக்கு முனை நூல் கட்டி, ஓர் அடி இடைவெளிக்கு ஒன்றாகக் குறுக்கே டேப் ஒட்ட வேண்டும். ஒவ்வொரு டேப்பின் ஓரத்திலும் ஒரு அட்டையை நெட்டுக்குத்தலாக நிறுத்தி, படகின் வளைவைப் பென்சிலால் அதில் இறக்கி, வெட்டி, மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும். பின்னால் டார்ச் அடித்தால் எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே இன்னும் சீவ வேண்டும். கசிவு நின்றால் வளைவு அட்டைக்கு வந்துவிட்டது என்று பொருள். ஒரு பாதிக்கு எடுத்தால் போதும், திருப்பி வைத்தால் மறு பாதி. வீடியோவில் இதை டெம்ப்ளேட் என்கிறார்கள். நான் அட்டை என்றே சொல்லிக்கொண்டேன். பழக்கடையில் வாங்கிய பேரிக்காய்ப் பெட்டிகள்தானே!

வீடியோவில் சொல்லாத ஒன்று எங்கள் மலையூர் மஞ்சு, அதாவது மூடுபனி. ஐப்பசியில் அது கதவைத் தட்டிவிட்டா வரும்? முதல் நாள் கச்சிதமாகச் சீவி வைத்த அட்டைகள் மறுநாள் அப்பளம் நமத்த மாதிரித் துவண்டு கிடந்தன. மறுபடி வெட்டினேன், மறுபடி துவண்டன. கடைசியில் இந்த ஊரில் எல்லாரும் எதற்கும் செய்கிற வைத்தியத்தையே செய்தேன். கொட்டகையில் கணப்பு மூட்டினேன். இரும்புச் சட்டியில் கரியைப் போட்டுப் படகுக்குப் பக்கத்திலேயே வைத்தேன்.

"நான் குளிருதுன்னா கம்பளியப் போத்திக்கோங்கிறீங்க. அட்டைக்குக் குளிருதுன்னா கணப்பு போடுறீங்க" என்றாள் என் மனைவி. இதை நான் கடையில் நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தேன். நல்ல பேச்சு யார் பேசினாலும் எடுத்து வைத்துக்கொள்கிற ஆள் நான். அக்கா பேசியதில் எடுத்து வைக்க வேண்டியதை மட்டும் எப்படியோ விட்டுவிட்டேன்.

டேப்பை நான் உரிக்கவில்லை. உரித்தால் அதே கோட்டில் மறுபடி ஒட்ட வேண்டும். விரல் அகலம் தள்ளிப்போனாலும் வளைவு மாறிவிடும். பெயிண்டர்கள் ஒட்டுகிற டேப்புதானே, என்ன செய்துவிடும் என்று இருந்துவிட்டேன். அட்டைகள் மொறுமொறுவென்று காய்ந்தன, வளைவு வளைவாக வந்தன. பெரிய ஆள் ஆகிவிட்ட நினைப்பில் அவற்றைச் சுவரில் வரிசையாகச் சாத்தி வைத்து ரசித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சூட்டில் டேப்பின் பசை பெயிண்டோடு சேர்ந்து வெந்துகொண்டிருந்தது.

மகள் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் உரிக்கத் தொடங்கினேன். முதல் டேப் மஞ்சளோடு வந்தது. ஏதோ அந்த ஒன்றுதான் என்று நினைத்து அடுத்ததைப் பிடித்தேன், அதுவும் அப்படியே. கடைசி டேப்பை உரித்து நிமிர்ந்தபோது அக்கா கொட்டகை வாசலில் நின்றார். மஞ்சள் படகில் குறுக்கே குறுக்கே சாம்பல் பட்டைகள், இளைத்த மாட்டின் விலா எலும்பு மாதிரி. அப்போது கேட்டதுதான் மேலே எழுதியிருப்பது.

நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. மன்னிப்பு கேட்கவில்லை. சுவரைக் காட்டி, "அளவெல்லாம் சுத்தமா வந்திருச்சுக்கா" என்றேன்.

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை. படகின் மேல் கையை வைத்து ஒரு பட்டையைத் தடவினார். மகளுக்கு அனுப்பிய படத்தில் இருந்த படகு இனி ஊரில் இல்லை.

"வெரசா ஒரு கோட்டு அடிச்சிரலாங்கா. ராத்திரியே முடிச்சுர்றேன்."

"இந்த மஞ்சுலயா? உம் பெயிண்டு பொங்கலுக்குக் காயும்."

"பெயிண்டர் யாரையாச்சும் கூப்பிடவா?"

"நீ யாரையும் கூப்பிட வேணாம்."

குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். படகைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு என்னிடம் சொல்கிற மாதிரியும் இல்லாமல், தனக்குத்தானே மாதிரியும் இல்லாமல் பேசினார்.

"ரெண்டு வருசம் கழிச்சு வாரா. கூட அந்தப் பையன். மூணு பேரும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துட்டு எவ்வளவு நேரந்தான் காப்பி குடிக்கிறது? கையில ஒரு சோலி வேணுமில்ல. மூணு பேருஞ் சேந்து முதல்ல இருந்து மஞ்சளடிக்கட்டும்."

எனக்குச் சட்டென்று புரிந்தது. உடனே பலகை மேல் கிடந்த உப்புத்தாளில் ஒன்றை எடுத்துக்கொண்டு படகுக்கு அந்தப் பக்கம் போய்க் குனிந்தேன்.

"நீ தொடாதலே" என்றார். என் கையிலிருந்த உப்புத்தாளை வாங்கினார். சால்வையைக் கழற்றிக் கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டு வந்து, பட்டைகளை விட்டுவிட்டு, நன்றாக இருந்த மஞ்சளைத் தேய்க்க ஆரம்பித்தார்.