ஏழு வீட்டுத் திறப்பு

அரிக்கன் லாம்பைத் துடைத்து, திரியைச் சீராக வெட்டி, எண்ணெயும் நிறைய விட்டு பக்கத்து வீட்டு யோகம்மாவின் வாசற்படியில் வைத்தார் அன்னபூரணம் அக்கா. பிறகு ஒரு செருமல்கூடக் காட்டாமல் திரும்பிப் போய்விட்டார். யோகம்மாவின் புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்த காலம் அது. பில் கட்டத் தவறியதால் அன்று காலையில்தான் மின்சார லைனை வெட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மறுநாள் யோகம்மா லாம்பைத் திருப்பிக் கொண்டுபோனபோது, "ஆற்றை லாம்பு இது? எனக்கென்ன தெரியும்? அதில வைச்சிட்டுப் போ" என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

செய்த உதவியைப் பற்றிப் பேச்செடுத்தால் அவருக்குப் பிடிக்காது. மற்றவர்களைப் பற்றிக் கேட்பதென்றால் பிடிக்கும். புதிதாக ஒரு ஆள் ஒழுங்கைக்குள் வந்தால், வேலிக்கு மேலால் அவருடைய தலை தெரியும். "ஆர் நீர்? ஆற்றை பிள்ளை? எந்தப் பக்கம்?" கோயிலுக்குப் புதிதாக வந்த ஐயரே யார், யாருடைய பிள்ளை, எந்த ஊர் என்ற இந்த மூன்று கேள்விக்கும் மறுமொழி சொல்லித்தான் அக்காவிடம் பூ வாங்கினார்.

மண்கும்பான் ஊரில் ஏழு வீட்டுத் திறப்பும் ஒரே சாவிக்கொத்தாக அக்காவின் இடுப்பில் இருக்கிறது. ஒரு வீட்டார் நைஜீரியாவில் படிப்பிக்கிறார்கள். ஒரு வீட்டார் லண்டனில். மற்றவர்கள் கொழும்பிலும் வவுனியாவிலும் உத்தியோகம். வெள்ளிக்கிழமை தலைமுழுகிவிட்டு, ஈரக் கூந்தல் முடிச்சோடு ஏழு வீட்டையும் திறந்து, கூட்டி, சாமி அறையில் விளக்கேற்றி, ஒவ்வொரு பல்பாகப் போட்டு நிறுத்துவார். "கனநாள் போடாமல் விட்டால் பல்புக்கு மறந்துபோம்" என்பது அவருடைய விஞ்ஞானம். ஒரு பல்பு இரண்டு தரம் மினுங்கினால், "ஓமோம், உன்ர ஆக்கள் சுகமாய்த்தான் இருக்கினம்" என்று அதற்கும் செய்தி சொல்வார். பனையோலைப் பெட்டியும் பாயும் பின்னுவது பிழைப்பு. திறப்புகளுக்கு அவர் கூலி வாங்குவதில்லை. பொங்கலுக்கு ஒரு சேலை வந்தால் வந்தது.

இவ்வளவு கேள்வி கேட்கிற அக்காவையும் ஒருவன் ஏமாற்றியிருக்கிறான். எண்பத்திமூன்றாம் ஆண்டு, காக்கிக் காற்சட்டையும் காதில் பென்சிலுமாக வந்து, நைஜீரியா மாஸ்ரர் வீட்டு லைற்றுக்குப் பழைய பாக்கி என்று காசு வாங்கிக்கொண்டு, ரசீதென்று அச்சடித்த துண்டு ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனான். துண்டு முழுக்க இங்கிலீசு. அக்கா அதைப் பில்லுகள் கொழுவுகிற கம்பியில் பக்குவமாகக் குத்தி வைத்தார். தம்பு உபாத்தியாயர் ஒருநாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வாசித்தார். "அன்னபூரணம், இது இருமல் மருந்துப் போத்தலில ஒட்டுற துண்டு. குடிக்க முன்னம் நல்லாய்க் குலுக்கட்டாம். ஒரு நாளைக்கு மூண்டு தரமாம்."

அந்தக் காசை மாஸ்ரருக்கு எழுதிக் கேட்கவில்லை. மூன்று மாதம் விரல் கன்றப் பெட்டி பின்னி, தானே சரிக்கட்டினார். ஆனால் நன்னீர்க் கிணற்றடிக்குக் கதை போய்விட்டது. குடம் தூக்குகிற பெண்களெல்லாம், "என்ன அக்கா, இண்டைக்கு எத்தனை தரம் குலுக்கினீங்கள்?" என்று தொடங்குவார்கள்.

"நான் குடிச்சு முடிச்சிட்டன், பிள்ளையள்" என்பார் அக்கா. "இனி வாறவனைத்தான் குலுக்கவேணும்."

வந்தான். அடுத்த வருஷம் வைகாசியில், மார்க்கண்டு வீட்டுக்கு.

மார்க்கண்டு கொழும்பில் கிளாக்கர். மகளுடைய கலியாணத்தை ஊர் வீட்டில் வைப்பதென்று, கூறைச்சேலையும் நகைகளும் முன்னதாகவே கொண்டுவந்து அலுமாரியில் பூட்டிவிட்டு, திறப்பை அக்காவிடம் கொடுத்துப் போயிருந்தார். கலியாணத்துக்கு எட்டு நாள் இருந்தது. முற்றத்தை யோகம்மாவும் அக்காவும் செதுக்கிக்கொண்டிருந்தபோது ஒருவன் சைக்கிளில் வந்து, மணலில் புதைந்து, விழாத குறையாக இறங்கினான். வெள்ளைச் சேட்டு, தோளில் பை, கையில் குறடு.

"மின்சாரக் கந்தோரில இருந்து வாறன். கலியாண வீடெல்லே? நூறு பல்பு கொழுவப்போறியள். உள்வயர் பாக்கவேணும். அறையளைத் திறந்து விடுங்கோ."

"ஆர் நீர்? ஆற்றை பிள்ளை? எந்தப் பக்கம்?"

"அதுக்கெல்லாம் நேரமில்லை, அம்மா. சந்தியில லொறி நிக்குது. இப்ப பாக்காட்டில் லைனை வெட்டச் சொல்லி ஓடர்." சட்டைப்பையிலிருந்து ஒரு அடையாள அட்டையை எடுத்து, காகம் பறந்ததுபோல ஒரு தரம் காட்டிவிட்டு உள்ளே போட்டுக்கொண்டான்.

வெட்டுகிறது என்ற சொல்லைக் கேட்டதும் யோகம்மா மண்வெட்டியைப் போட்டுவிட்டு அக்காவிடம் ஓடிவந்தாள். இருட்டு வீட்டில் இருந்து பார்த்தவள் அவள். "அக்கா, திறந்து விடுங்கோவன். பொம்பிளைப்பிள்ளையின்ர காரியம். மாப்பிள்ளை வீட்டுக்காரர் வந்து இருட்டுக்கையே இருக்கிறது?"

அக்காவின் கை இடுப்புக்குப் போனது. போய், அங்கேயே நின்றுவிட்டது. அவருக்கும் பயம்தான். திறந்து ஒன்று குறைந்தாலும் பழி. திறக்காமல் லைன் போனாலும் பழி. கலியாணம் குழம்பினால் மார்க்கண்டுவின் முகத்தில் எப்படி விழிப்பது?

"தம்பி, இரும். தேத்தண்ணி குடியும்" என்று விறாந்தையில் கதிரையை இழுத்துப் போட்டார். "அப்ப, மீற்றர் பாத்தனீரோ?"

"போன கிழமையும் வந்து பாத்தனான். கண்டபடி ஓடுது. அதாலதான் அவசரம்."

"எங்க நிண்டு பாத்தனீர்?"

அவன் நிமிர்ந்து விறாந்தைச் சுவரைப் பார்த்தான். அங்கே வெள்ளையாக ஒரு சதுரமும் நாலு ஆணி ஓட்டையும்தான் இருந்தன. வாசலுக்கு நேரே அது இருக்கக் கூடாதென்று சாத்திரியார் சொன்னபடியால், கந்தோருக்கு எழுதிக் கொடுத்து, மீற்றரைக் குசினிக்குப் பின்பக்கம் மாற்றி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஊரில் உள்ளவர்களுக்கு அது தெரியும். மீற்றர் வாசிக்க வருகிற ஊர்காவற்றுறைப் பிலிப்புவுக்கும் தெரியும்.

"இதிலதான்... ஏன், கழட்டிப்போட்டியளோ?" என்றான் அவன்.

"மீற்றர் எங்க கிடக்கெண்டே தெரியாது. அது கண்டபடி ஓடுறது மட்டும் உமக்கு என்னெண்டு தெரிஞ்சது?"

அவன் குரலை உயர்த்தினான். "வெட்டிப்போட்டால் பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது!"

"வெட்டும், ராசா. லொறியையும் கூட்டிக்கொண்டு வாரும். உள்ளுக்க ஒருத்தருமில்லை. இருட்டுக்குப் பயப்பிட இஞ்ச ஆர் இருக்கினம்?"

தேத்தண்ணி குடிக்காமலே அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். இந்தத் தரம் மணலில் ஏறி ஓடிப் பார்க்கவில்லை.

அவன் தலை மறைந்ததும் அக்கா படலையைச் சாத்திவிட்டு வந்தார். கதிரையில் தானே இருந்து, அவனுக்கு ஊற்றிய தேத்தண்ணியையும் தானே குடித்தார். "யோகம், உண்மையான ஆளாயும் இருந்தால் என்ன செய்யிறது?" அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. பொழுதுபட்டதும் கலியாண வீட்டைத் திறந்து உள்ளே போய், பிள்ளையாரை நினைத்துக்கொண்டு சுவிச்சைப் போட்டார். பல்பு எரிந்தது. அதைப் பார்த்துக் கும்பிட்டார். அப்படியும் மனம் ஆறவில்லை.

விடிந்ததும் யோகம்மாவையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறி, ஊர்காவற்றுறை மின்சாரக் கந்தோரில் போய் நின்றார். "நாங்கள் ஒருத்தரையும் அனுப்பேல்லை, அம்மா. நீங்கள் எழுதிக் கேட்டால்தான் உள்வயர் பாக்க ஆள் வரும். காசெண்டால் இஞ்ச வந்து கட்டுங்கோ. படலையில நிண்டு ஆர் கேட்டாலும் குடுக்கவேண்டாம்" என்றார் அங்கிருந்தவர். அக்கா அதை மூன்று தரம் சொல்லவைத்துப் பாடமாக்கிக்கொண்டுதான் படியிறங்கினார். அதே கிழமை பக்கத்து ஊரான சரவணையில் ஒரு வீட்டில், வயர் பார்க்க வந்த வெள்ளைச் சேட்டுக்காரன் அறைக்குள் போய்வந்த பிறகு, இரண்டு சோடிக் காப்பைக் காணவில்லையாம்.

கலியாணம் வெளிச்சமாக நடந்தது. பந்தலில் கிணற்றடிப் பெண்களின் பகிடியும் மாறிவிட்டது. "மணவறை எங்க கிடக்கெண்டு சொன்னால்தான் மாப்பிள்ளையை உள்ளுக்க விடுவாவாம்" என்றாள் ஒருத்தி.

இதனால் உண்மையான ஆள்தான் அவதிப்பட்டார். பிலிப்பு அடுத்த மாதம் வந்தபோது அக்கா படலையை மறித்து நின்றார். "மீற்றர் எங்க கிடக்கெண்டு சொல்லும் பாப்பம்."

"அக்கா, ஆறு வருஷமாய் வாறன்! போன மாதம் உங்கட கையால மோர் குடிச்சனான்!"

"மோர் குடிச்சது நீர்தான். மீற்றரைச் சொல்லும்."

பாவம், அந்த மனுஷன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, "குசினிக்குப் பின்னால, முருங்கைக்குப் பக்கத்தில" என்று பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஒப்புவித்தார். ஏழு வீட்டுக்கும் அதே சோதனை. கடைசி வீட்டில் அவருக்கு மோரும் கிடைத்தது.

தொண்ணூறாம் ஆண்டு சித்திரையில் யோகம்மா கொழும்பிலுள்ள மகளோடு இருக்கப் புறப்பட்டாள். புருஷன் காலமாகி ஒரு வருஷம். வீட்டைப் பூட்டி, திறப்பை அக்காவின் கையில் வைத்து அழுத்தினாள். "அக்கா, எப்ப திரும்புவனெண்டு தெரியாது. தேவையெண்டால் ஆரிட்டயும் கடிதம் குடுத்துவிடுறன். சாமான் ஒண்டிரண்டை எடுத்துக் குடுங்கோ" என்றாள்.

அக்கா திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்தார். முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினார். பஸ் நகரத் தொடங்கியதும் கூடவே நாலு எட்டு நடந்து, யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"கடிதத்தோட ஆர் வந்தாலும் திறக்கமாட்டன், யோகம். நீதான் வரவேணும்."