கஞ்சன்ஜங்காவும் கடல் மட்டமும்

கஞ்சன்ஜங்காவின் உயரத்தை முப்பது வருடம் கரும்பலகையில் எழுதியவன் நான். ஏறிய மலை எது என்று கேட்டால் திருக்கழுக்குன்றம் ஒன்றுதான். அதுவும் பாதி வழியில் மூச்சு வாங்க உட்கார்ந்து. பார்த்த பனி, மீன் பெட்டியில் கொட்டுகிற ஐஸ். ஆனால் வகுப்பில் என் பேச்சைக் கேட்டால் நேற்றுதான் உச்சியிலிருந்து இறங்கி வந்தவன் மாதிரி இருக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு கடலோரப் பள்ளிக்கூடம். அன்று ஒன்பதாம் வகுப்பில் ஐந்து கொடுமுடிகளையும் வரைந்து, மேற்கே நேபாளம், கிழக்கே சிக்கிம் என்று பிரித்து, பனியாறுகள் நாலு பக்கமும் இறங்குவதைக் கோடிட்டுக் காட்டி, 'கடல் மட்டத்திலிருந்து 8,586 மீட்டர்' என்று எழுதினேன். மீனவக் குப்பத்துப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

“எந்தத் தண்ணியில இருந்து சார் அளந்தாங்க? அமாவாசைக்கு எங்க கட்டுமரம் கீற எடம் வரிக்கும் ஏறுது. அப்பால எறங்கிப் போவுது. கடலு ஒரே மட்டத்துல நிக்காதே சார்.”

எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. “மீன் கூடை தூக்கப்போறவளுக்கு மலைக் கணக்கு எதுக்கு? உட்காரு” என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

அடுத்த கோடையில் செங்கல்பட்டில் ஆசிரியர் பயிற்சி. துறைமுகத்தில் அளவுகோல் வைத்து, ஏற்றத்தையும் இறக்கத்தையும் வருடக்கணக்கில் குறித்து, அதன் சராசரியைத்தான் கடல் மட்டம் என்கிறார்கள் என்று அங்கே சொன்னார்கள். மலையை அளப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வியைத்தான் அவள் கேட்டிருந்தாள். பள்ளி திறந்ததும் எல்லார் முன்னாலும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு வருடத்தை ஓட்டினேன். பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை அவள் வருகைப் பதிவுக்கு மட்டும்தான் வாயைத் திறந்தாள்.

இருபது வருடம் கழித்து மீன் மார்க்கெட்டில் அவளைப் பார்த்தேன். நான் வாய்க்கு வந்தபடி சொன்ன அதே கூடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வணக்கம் சொன்னாள்.

“எம் பொண்ணு இந்த வருஷம் உங்க கிளாஸுதான் சார். சும்மா கேள்வி கேட்டுகினே இருப்பா. சாரைப் பேஜாரு பண்ணாதேன்னு சொல்லித்தான் அனுப்பிக்கீறேன்.”

'அன்று நீ கேட்டது சரி' என்ற நாலு வார்த்தையைச் சொல்லாமல் விலை கேட்டேன். சங்கரா மீனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை மறுபடியும் அதே மலை. உயரத்தை எழுதிவிட்டு, “கடல் மட்டம்னா எந்த மட்டம்? யாராவது கேளுங்க” என்றேன். யாரும் கேட்கவில்லை. மூன்றாம் பெஞ்சிலிருந்து அவள் மகள் என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு தலையைக் குனிந்து, உயரத்தை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.