கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் காலை பஸ்ஸில் 'அட்ஜஸ்ட்' என்றால், மூன்று பேர் சீட்டில் நான்காவதாக ஒருவர் பாதி உடம்போடு உட்காரப்போகிறார் என்று பொருள். தையல்காரக்கா சொன்னால் ஜாக்கெட் இறுக்கிப் பிடிக்கும். வீட்டு ஓனர் சொன்னால் தண்ணீர் மோட்டார் இந்த வாரமும் ரிப்பேர் ஆகாது. சொல்கிறவர் எதையும் மாற்றிக்கொள்ள மாட்டார் என்பது மட்டும் எல்லாவற்றுக்கும் பொது.

நான் வேலை பார்க்கும் சிமென்ட் ஆலையில் மட்டும்தான் அந்தச் சொல்லுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. சூட்டையும் அழுத்தத்தையும் காட்டும் மீட்டர்களைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. மீட்டர் தப்பாகக் காட்டுகிறது என்று உறுதியான பிறகே, ஒரு சின்னத் திருகைக் கொஞ்சம் திருப்புவோம். அதற்குப் பெயர் அட்ஜஸ்ட்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயங்கொண்டத்திலிருந்து ஓர் அம்மாவும் மகனும் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மகன் அங்கே மருந்துக்கடை வைத்திருக்கிறார். போட்டோ பார்த்தபோதே எனக்குப் பிடித்திருந்தது. என் வேலையும் எனக்குப் பிடித்திருந்தது. இரண்டில் எதையும் விடும் எண்ணம் எனக்கு இல்லை.

காப்பி குடித்து முடித்ததும் அந்த அம்மா ஆரம்பித்தார்.

"பொண்ணு லட்சணமா இருக்கு. ஒண்ணே ஒண்ணுதான், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்."

"எதைங்க அத்தை?"

"வேலையத்தான். ரெண்டாவது ஷிப்ட்டுன்னு ராத்திரில வந்து எறங்குனா நாலு பேரு என்ன பேசுவாங்க? கல்யாணம் ஆனதும் விட்டுட்டா முடிஞ்சுது."

"அட்ஜஸ்ட்னா எங்க ஆலையில திருகைக் கொஞ்சம் திருப்புறதுங்க அத்தை. நீங்க மீட்டரையே கழட்டச் சொல்றீங்களே."

அப்பாவுக்கு இருமல் வந்தது. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் காப்பி இன்னொரு தடவை கொதித்திருக்கும்.

"பேச்சு நல்லாத்தான் வருது" என்றார் அந்த அம்மா.

பேச்சை மாற்ற அம்மா எழுந்தாள். "எலை போட்டாச்சு. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் பேசலாம் வாங்க."

"முடிவாகாம பொண்ணு வூட்டுல கை நனைக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லீங்க."

அதை மீறி யாரும் வற்புறுத்த முடியாது. பெண் வீட்டில் சோற்றில் கை வைத்துவிட்டால் சம்பந்தம் உறுதியாகிவிட்டது என்று அர்த்தம். ஆனால் சமையலறையிலிருந்து சின்ன வெங்காயச் சாம்பார் வாசம் வந்துகொண்டே இருந்தது. மருந்துக்கடைக்காரர் இரண்டு தடவை அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததை நான் கவனித்தேன்.

அப்புறம்தான் அவர் முதன்முதலாக வாய் திறந்தார். என்னிடம்தான்.

"ரெண்டாவது ஷிப்ட்டு எத்தனை மணிக்கு முடியும்ங்க?"

"பத்துக்கு."

"நான் கடை சாத்துறதும் பத்துக்குத்தான்."

சொல்லிவிட்டு எழுந்து சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"கை எங்கங்க கழுவுறது?"

"டேய்! என்னடா பண்ற?"

"பசிக்குதும்மா."

என் அம்மா குழாயைக் காட்டிய வேகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் இலை முன் உட்கார்ந்தார். முதல் கவளம் உள்ளே போனது.

"அவன் பசிக்குத் திங்கிறான். நான் கை நனைக்கல" என்றார் அந்த அம்மா.

யாரும் மறுக்கவில்லை. நான் சாம்பார் வாளியோடு அந்த அம்மா பக்கமாக, தேவைக்கு மேல் மெதுவாக, இரண்டு தடவை நடந்தேன். இரண்டாவது தடவை அவர் பெருமூச்சு விட்டு மகனுக்குப் பக்கத்து இலையில் போய் உட்கார்ந்தார். பிசைந்தார். சாப்பிட்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கம்பெனி வேனு வாசல்லயே எறக்கிவிடுமா, தெரு முக்குல விட்டுட்டுப் போயிடுமா?"

"முக்குலதாங்க அத்தை. கொஞ்சம் நடக்கணும்."

அவர் மகன் பக்கம் திரும்பினார். "கடைய சாத்திட்டு வண்டிய எடுத்துக்கிட்டுப் போயி கூட்டியா. நடக்க வுடாத."

மகனுக்கு வாய் நிறையச் சோறு. தலையை மட்டும் ஆட்டினார்.