கரைவலைக் கயிற்றில் கட்டிய கார்

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்கு வடக்கே, தார்ச்சாலை முடிந்து வெண்மணல் தொடங்கும் இடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் நின்றால் ஒரு விசித்திரத்தைப் பார்க்கலாம். வரிசையாக நிற்கும் வண்டிகளின் சக்கரங்களுக்கு முன்னால் ஆண்களும் பெண்களும் குந்தி உட்கார்ந்து, டயர்களில் இருக்கும் காற்றைத் திறந்துவிட்டுக்கொண்டிருப்பார்கள். எங்கு திரும்பினாலும் உஸ்ஸென்ற ஓசை. நான் பிறந்து வளர்ந்த குறிஞ்சிப்பாடியில் டயரில் காற்று இறங்கினால் அது கெட்ட செய்தி. பிடிக்காத வாத்தியாரின் சைக்கிளுக்குத்தான் காற்றைப் பிடுங்கிவிடுவார்கள். இங்கே சொந்த வண்டிக்குச் சொந்தக்காரர்களே அதைச் செய்கிறார்கள், அதுவும் சிரித்துப் பேசிக்கொண்டு. முதல் முறை நானும் கணவரும் மகளும் எங்கள் பழைய சிறிய எஸ்யூவியில் அங்கே போனபோது, பக்கத்து வண்டிக்காரர் என்னைப் பார்த்து, "வாட் ஆர் யூ ரன்னிங்?" என்று கேட்டார். நான் ஓடவில்லையே, நின்றுகொண்டுதானே இருக்கிறேன் என்று குழம்பி, "நோ ரன்னிங், ஒன்லி வாக்கிங்" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, டயரைத் தொட்டுக் காட்டினார். எவ்வளவு காற்று வைத்திருக்கிறாய் என்பதுதான் அவருடைய கேள்வி.

காற்று நிறைந்து இறுகிய டயர் மணலைத் தோண்டிக்கொண்டு கீழே போகும். காற்றுக் குறைந்த டயர், சப்பாத்தி மாவு உருண்டையை உள்ளங்கையால் அழுத்தியதுபோல அகன்று, மணலின் மேலேயே உருளும். அவ்வளவுதான் சூட்சுமம். பிறகு சில பாடங்கள்: சட்டென்று பிரேக் போடக் கூடாது, சட்டென்று திருப்பக் கூடாது, போகிற வேகத்தை விடக் கூடாது. நான் பெர்த்தில் மாநகரப் பேருந்து ஓட்டுகிறேன். குறிஞ்சிப்பாடியில் இதைச் சொன்னால் இன்னமும் பாதிப் பேர் நம்புவதில்லை. நான் கல்லூரிக்குப் போன காலத்தில் என் அப்பா எனக்கு ஸ்கூட்டிகூட வாங்கித் தரவில்லை. "பொம்பளப் புள்ள வண்டி ஓட்டுனா வழில நின்னுபோச்சுன்னா யாரு தள்றது?" என்று கேட்டார். பேருந்து ஓட்டுகிறவளுக்கு வார விடுமுறையில் கார் ஓட்டுவதே அலுப்பாக இருக்கும். ஆனால் மணலில் ஓட்டுவது வேறு. சாலை என்று ஒன்று இல்லாத இடத்தில் நாமே வழியைத் தேர்ந்துகொண்டு போகிற அந்தச் சந்தோஷம் என்னைப் பிடித்துக்கொண்டது.

இந்த முறை பொங்கலுக்கு நான் மட்டும் ஊருக்கு வந்தபோது என் தம்பி செந்தில் புது வண்டி வாங்கியிருந்தான். அதுவும் சிறிய எஸ்யூவிதான். பானெட்டில் மஞ்சளும் குங்குமமும் காயாத வண்டி. "அக்கா, இது ஆஃப் ரோடுக்குன்னே செஞ்ச வண்டிக்கா. மல மேலகூட ஏறும்" என்றான். நான் குனிந்து கீழே பார்த்தேன். "உயரமா இருக்கு, அவ்ளோதான்டா. முன்சக்கரம் ரெண்டும்தான் இழுக்கும். பின்னாடி ரெண்டும் சும்மா கூட வரும்" என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. அந்த வருத்தத்தைப் போக்கத்தானோ என்னவோ, மறுநாள் சிதம்பரத்தில் ஓர் உறவுக்காரர் வீட்டுக்குப் போகும்போது, புதுச்சத்திரம் தாண்டியதும் அவன் வண்டியைக் கிழக்கே கடலைப் பார்த்துத் திருப்பியபோது நான் தடுக்கவில்லை.

தார்ச்சாலை ஒரு மீனவர் குப்பத்தின் கோயிலோடு முடிந்தது. அதற்கப்பால் சவுக்குத் தோப்பு, மணல், கடல். தெற்கே வெகுதூரத்தில் கரையில் எறும்புச் சாரைபோல மனிதர்கள் இரண்டு வரிசையாகத் தெரிந்தார்கள். கரைவலை இழுக்கிறார்கள் என்று செந்தில் சொன்னான். குறிஞ்சிப்பாடியில் பிறந்த எனக்குக் கடல் என்றால் மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினத்தில் கூட்டத்தோடு கூட்டமாகக் கால் நனைத்த கடல்தான். கரைவலை இழுத்து நான் பார்த்ததே இல்லை. "ஓட்டுறியாக்கா?" என்றான். சாவியை வாங்கிக்கொண்டேன். சக்கரத்துக்கு முன்னால் குந்தி, வால்வு மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு குச்சியால் அழுத்திக் காற்றை இறக்கத் தொடங்கினேன். கோயில் வாசலில் நின்ற பெண்கள் பதறிவிட்டார்கள். "எம்மா! புது வண்டிம்மா! ஏம்மா காத்தப் புடுங்குற?" என்று ஒருத்தி கத்த, இன்னொருத்தி செந்திலிடம், "வூட்ல சண்டையா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

வழியில் ஓர் ஓடை குறுக்கிட்டது. மழைக்காலத்தில் உப்பங்கழித் தண்ணீர் மணல்மேட்டை உடைத்துக்கொண்டு கடலில் விழுந்த இடம். அப்போது கணுக்காலளவுதான் தண்ணீர். கடந்துவிட்டோம். ஈர மணலில் வண்டி ஓசையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. இடப்பக்கம் வங்கக்கடல், வலப்பக்கம் சவுக்குத் தோப்பின் கரும்பச்சை. எதிரே ஒரு வண்டியோ ஒரு கட்டடமோ இல்லை. பெர்த்தில் சூரியன் கடலில் இறங்கும். இங்கே கடலிலிருந்து ஏறி வந்து தோளில் காய்ந்துகொண்டிருந்தது. என் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இப்படி ஓர் இடம் இருந்திருக்கிறது, நான் அதை அறியாமல் உலகத்தின் மறு ஓரத்துக்குப் போய் மணலைத் தேடியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

வலை இழுக்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தினோம். தலையில் துண்டு கட்டிய ஒருவர் கையை ஆட்டிக்கொண்டு வந்தார். கலியபெருமாள் என்று பெயர், அந்த வலைக்குத் தலைவர். "மேல ஏத்தாதம்மா, ஆம முட்ட வச்சிருக்குற எடம். தண்ணி ஓரமாவே நிறுத்து" என்றார். மன்னிப்புக் கேட்டு வண்டியைக் கீழே இறக்கினேன். பிறகு அங்கேயே நின்று பார்த்தேன். ஆணும் பெண்ணுமாக இரண்டு வரிசை. கயிற்றை இடுப்பில் வாங்கி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, அடி அடியாகப் பின்னால் நடந்தார்கள். ஒரு குரல் முன்னால் போகும், மற்றக் குரல்கள் எல்லாம் சேர்ந்து பதில் கொடுக்கும், அந்தப் பதிலோடு கயிறு கொஞ்சம் வரும். வலை கண்ணுக்குத் தெரியவில்லை. கடலையே இழுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. வரிசைகள் நெருங்கி நெருங்கி வந்து, கடைசியில் வலையின் மடி என்கிற பை கரையேறியபோது, மணலில் வெள்ளியைக் கொட்டியதுபோல மீன்கள் துள்ளின.

அப்போதுதான் அலறல் கேட்டது. முருகையன் என்பவர் மடியைப் பிரிக்கக் குனிந்திருக்கிறார். உள்ளே கிடந்த பெரிய திருக்கை வாலை வீசி, அவருடைய கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. வாலின் முள் சதைக்குள் ஒடிந்து நின்றது. பிடுங்காதே, பிடுங்காதே என்று பலர் கத்தினார்கள். ஒருவர் துண்டால் இறுகச் சுற்றினார். முருகையனின் மனைவி அஞ்சலை வரிசையில் கயிறு பிடித்து நின்றவர். ஓடிவந்து அவர் தலையை மடியில் வாங்கிக்கொண்டார். அந்த மனிதர் பல்லைக் கடித்து நடுங்கினார். முகம் சாம்பல் பூத்துவிட்டது. வழக்கமாக இப்படி நேர்ந்தால் பைக்கில் நடுவே உட்கார வைத்துக் கொண்டுபோவார்களாம். இவருக்கு உட்காரவே தெம்பில்லை. படகில் ஏற்றலாம் என்றால் அலை உயரமாக அடித்துக்கொண்டிருந்தது. யாரோ 108-க்குப் பேசினார்கள். ஆம்புலன்ஸ் தார்ச்சாலை முடியும் கோயில் வரைக்கும்தான் வரும் என்று பதில் வந்தது.

கலியபெருமாள் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீதான் ஓட்டியாந்தியா?"

"ஆமாண்ணே."

"திரும்பிப் போயிருவியா?"

"போயிருவேன்" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை.

பின் இருக்கையில் முருகையனைக் கிடத்தி, தலைமாட்டில் அஞ்சலை ஏறிக்கொண்டார். புது இருக்கையில் ரத்தமும் சேறும் படிந்தன. செந்தில் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. என் தம்பியை நினைத்து அன்றுதான் எனக்குப் பெருமையாக இருந்தது. வந்த தடத்திலேயே திரும்பினேன். ஆனால் ஓடை நான் விட்டுவந்த ஓடையாக இல்லை. கடல் ஏறி, தண்ணீர் முழங்காலைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. நிற்கவும் முடியாது, திரும்பவும் இடமில்லை. வேகத்தை விடாமல் இறக்கினேன். பாதி ஓடை வரைக்கும் நன்றாகவே போனது. பிறகு முன்சக்கரங்கள் இரண்டும் வெறுமனே சுழல்வது ஸ்டீயரிங்கில் தெரிந்தது. வண்டி மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு நின்றுவிட்டது. கதவின் இடுக்கு வழியாகக் கடல்தண்ணீர் என் காலடியில் கசிந்தது. "எம்மா, நின்னுபோச்சா?" என்று அஞ்சலை கேட்டார். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்னும் தோண்டிக்கொண்டு இறங்கும் என்பது மட்டும் தெரியும். செந்தில் இறங்கித் தள்ளிப் பார்த்தான். ஒற்றை ஆள் தள்ளி அசைகிற நிலைமையில் வண்டி இல்லை.

கண்ணாடியில் பார்த்தேன். கரை முழுக்க அவர்கள் ஓடிவந்துகொண்டிருந்தார்கள். ஆண்கள், பெண்கள், புடவையை இழுத்துச் செருகியவர்கள், எல்லோரும். தோள்களில் வலைக்கயிறு. பின்னால் மணலில் அன்றைய மீன் முழுவதும் அப்படியே கிடக்க, காக்கைகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"எங்க கட்டறது?" என்றார் கலியபெருமாள், தண்ணீரில் நின்று மூச்சிரைத்தபடி. டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஒரு கொக்கி இருக்கும், முன் பம்பரில் சின்ன மூடியைப் பெயர்த்து அதைத் திருக வேண்டும் என்று செந்திலிடம் கத்தினேன். தன் வண்டியில் அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. திருகினான். கயிறு கட்டப்பட்டது. அவர்கள் எதிர்க்கரையில் ஏறி, வலைக்கு நின்றதுபோலவே இரண்டு வரிசையாகப் பிரிந்து நின்றார்கள். கலியபெருமாள் ஜன்னலுக்குக் குனிந்து, "கியர எடுத்துரு. ஸ்டேரிங்க மட்டும் நேரா புடி. நீ ஒண்ணும் பண்ணாத, நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

ஒரு குரல் எழுந்தது. மற்றக் குரல்கள் சேர்ந்தன. வண்டி அசைந்தது.

எத்தனையோ வருடமாக வண்டி ஓட்டுகிறேன். எஞ்சின் இழுப்பதை என் பாதம் அறியும். அது இடைவிடாமல் வரும் ஒரே விசை. இது அப்படி இல்லை. குரல் வரும்போது வந்தது, குரல் நிற்கும்போது நின்றது, மறுபடி வந்தது. அத்தனை பேருடைய முதுகும் தோளும் குதிகாலும் ஒரு கயிற்றின் வழியாக வந்து என் இருக்கையை உயர்த்துவதை உடம்பால் உணர்ந்தேன். வண்டியின் மூக்கு தண்ணீரிலிருந்து மெல்ல மேலெழும்பியது. பின்னால் அஞ்சலையும் அந்தக் குரல்களோடு சேர்ந்து பதில் கொடுத்துக்கொண்டிருந்தார், கணவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டே. என் கண்ணில் தண்ணீர் நிறைந்து வழி மங்கிவிட்டது. துடைக்கக் கையை எடுக்கவில்லை. நேராகப் பிடிக்கச் சொல்லியிருந்தார்கள், நேராகப் பிடித்திருந்தேன். கோயில் முன்னால் நின்றால் கோபுரம் தெரிகிறதுபோல எதிரே அந்த இரண்டு வரிசை மனிதர்கள் வானத்தை மறைத்துக்கொண்டு நின்றார்கள்.

கரையேறியதும் கயிற்றை அவிழ்த்தார்கள். "போம்மா, போ!" என்று பானெட்டில் ஒரு தட்டு. நன்றி சொல்ல நேரமில்லை. கோயிலடியில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. முருகையனை மாற்றி ஏற்றி, அது சிதம்பரத்தை நோக்கிப் போனதும் நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

பெர்த்துக்குக் கிளம்புவதற்கு முன் முருகையனைப் பார்க்கச் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முள்ளை எடுத்துத் தையல் போட்டிருந்தார்கள். கால் பிழைத்துவிட்டது. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து அஞ்சலை பிசைந்து கொடுத்த சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நீ இருக்கற ஊர்லயும் கடலு இருக்குதாமே?" என்று கேட்டார்.

"இருக்குண்ணே. பெரிய கடல்."

"கரவல போடுவாங்களா?"

"இல்ல."

"அப்பறம் கரைல என்னாதான் பண்றாங்க?"

"காத்த எறக்கிட்டு மணல்ல வண்டி ஓட்டுவாங்க."

"என்னாத்துக்கு?"

"சும்மாதான்."

"சும்மாவா!" என்று அவர் சிரித்த சிரிப்பில் தையல் இழுத்து வலித்து, அஞ்சலை அவரையும் என்னையும் சேர்த்துத் திட்டினார். பிறகு அவர் என்னிடம், "வண்டி கெட்டுப்போச்சா? உப்புத் தண்ணி ஆச்சே, அடியெல்லாம் நல்லாக் கழுவச் சொல்லு தம்பிய" என்றார். தன் காலைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அன்றைய மீன் என்னவாயிற்று என்று நான் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

பெர்த் விமான நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. அயல்நாட்டு மண் ஒரு துளிகூட உள்ளே வரக்கூடாது. என் கேன்வாஸ் ஷூக்களின் தையல் இடுக்குகளில் மணல் ஏறியிருந்தது. கையுறை போட்ட இளம்பெண் அதிகாரி அவற்றை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "ஃபார்முக்குப் போனீர்களா?" என்று கேட்டாள். "இல்லை, பீச்." "ஓ, லவ்லி. ரிலாக்ஸிங் ஹாலிடே?" என்று புன்னகைத்தாள். எதை விளக்க? "யெஸ்" என்றேன். அவள் ஷூக்களை எஃகுத் தொட்டியில் வைத்து, பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். மிக அக்கறையாக, ஒரு தாதியைப்போல. சாம்பல் நிற மணல் தண்ணீரோடு சுழன்று துவாரத்தில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "ஆல் க்ளீன்" என்று ஈரம் சொட்டச் சொட்டத் திருப்பிக் கொடுத்தாள். போட்டுக்கொண்டு நடந்தேன். பளபளத்த தரையில் என் பின்னாலேயே ஈரக் காலடிகள் வந்தன. தானியங்கிக் கதவு திறந்ததும் ஜனவரி வெயில் முகத்தில் அடித்தது. தடுப்புக் கம்பிக்கு அப்பால் மகள் கையை ஆட்டினாள். ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். உள்ளே தூரத்தில் இருந்த காலடிகள் காய்ந்து மறைந்துவிட்டன. கதவருகே இருந்தவை மட்டும் பாதி காய்ந்து இன்னும் தெரிந்தன, எந்தப் பக்கம் போகின்றன என்று சொல்ல முடியாதபடி.